20 வருஷம் நின்ற 1954 ஷெவர்லே 3100: முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் என்னென்ன பார்க்கணும்?

மரத்தொட்டி:
1954 ஷெவர்லே 3100 பிக்கப், 235 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின், 6 வோல்ட். 20 வருஷமா கொட்டகையில நின்ன வண்டி. கூரை ஒழுகலை, ஏர் கிளீனரும் கழட்டப்படாம இருக்கு. என்ஜின் சுத்துதான்னு இன்னும் பார்க்கலை. டேங்க் மூடியைத் திறந்தா வார்னிஷ் வாடை. பிரேக் பெடல் தரையைத் தொடுது.

கால் ஸ்டார்ட்டரை மிதிக்கறதுக்கு முன்னாடி எந்த வரிசையில வேலை செய்யணும்? 6 வோல்ட் எப்பவுமே மெதுவாத்தான் சுத்தும், 12-க்கு மாத்திடுங்கன்னு சொல்றாங்க, அது சரியா? பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டர் மட்டும் மாத்தினா போதுமா?

ஆறுசிலிண்டர்:
பேட்டரியை இப்போதைக்கு மாட்டவே மாட்டாதீங்க. ஒட்டிப்போன பிஸ்டன் ரிங்கை செல்ஃப் மோட்டார் வேகத்துல இழுத்தா ரிங் உடையும். ஒட்டிப்போன வால்வா இருந்தா அதைத் தள்ளற கம்பி, அதான் புஷ்ராட், வளையும். கையால சுத்தினா எங்க பிடிக்குதுன்னு கைக்கே தெரியும்.

ஆறு பிளக்கையும் கழட்டி, சிலிண்டருக்கு 50 மில்லி வீதம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊத்துங்க. ரெண்டும் சீக்கிரமே பிரிஞ்சிடும், அதனால ஒவ்வொரு தடவையும் குலுக்கிட்டு ஊத்தணும். பக்கத்துல தீ கூடாது. மூணு நாள் ஊறட்டும். அப்புறம் கிளட்ச் ஹவுசிங் அடிமூடியைக் கழட்டி, ஃப்ளைவீல் பல்லுல கடப்பாரை கொடுத்து ஒவ்வொரு பல்லா நகர்த்துங்க. நின்னா பலம் போடாதீங்க. பின்னாடி நகர்த்தி, மறுபடி முன்னாடி வாங்க.

இதைச் செய்யும்போது ராக்கர் கவர் (வால்வையும் அதை அமுக்கற ராக்கரையும் மூடற மேல்மூடி) திறந்தே இருக்கணும். 12 வால்வும் இறங்கி, தானா மேல ஏறுதான்னு பாருங்க. ஏறாத வால்வு இருந்தா அதோட ராக்கரைத் தளர்த்திட்டு, தண்டுல ஊடுருவும் ஆயில் விட்டு லேசா தட்டுங்க. அது சரியாகாம அடுத்த சுத்துக்குப் போக வேண்டாம்.

பழைய ஆயிலை வடிச்சா மட்டும் போதாது, என்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டி, அதான் சம்ப், அதையும் இறக்குங்க. அடியில கறுப்பு வண்டல் களிமண் மாதிரி உக்காந்திருக்கும், புது ஆயில் அதைக் கிளறி நேரா ஸ்ட்ரெய்னரை அடைக்கும். சுத்தம் பண்ணி 4.7 லிட்டர் அளவு ஊத்துங்க. கேம் மேல தட்டையா உரசற டாப்பெட் இருக்கற என்ஜின், அதனால ஜிங்க் சேர்ந்த ஆயிலா பார்த்து வாங்குங்க.

பிளக் இல்லாம செல்ஃப்ல சுத்தி ஆயில் மீட்டர் முள் எழும்பறதைப் பார்த்தா வேலை பாதிதான் முடிஞ்சது. ராக்கர்கள்ல ஆயில் கசியுதான்னு கண்ணால பார்க்கணும். இந்த என்ஜின்ல மேல போற ஆயில் வழி வண்டலால அடைபடறது ரொம்ப சகஜம். மீட்டர் நல்ல பிரஷர் காட்டிட்டே இருக்கும், மேல ராக்கர் ஷாஃப்ட் காய்ஞ்சு தேயும்.

பெட்ரோல் விஷயத்துல, முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்கைப் பயன்படுத்தாதீங்க. சீட்டுக்குப் பின்னால கேபினுக்குள்ளயே இருக்கற டேங்க் அது, தனியா இறக்கிச் சுத்தம் பண்ணணும். மாட்டும்போது கழுத்து ரப்பரும் மிதவை கேஸ்கெட்டும் புதுசா இருக்கணும், இல்லைன்னா பெட்ரோல் ஆவி உங்க முதுகுக்குப் பின்னால சேரும். முதல் ஸ்டார்ட்டுக்கு ஒரு சின்ன கேன்ல புது பெட்ரோல் வெச்சு, புது ஹோஸ்ல பம்ப்புக்குக் கொடுங்க. பம்ப் டயஃப்ரத்தை யோசிக்காம மாத்திடுங்க. அது கிழிஞ்சிருந்தா பெட்ரோல் சம்ப்புக்குள்ள இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கும், பேரிங் போயிடும். டிப்ஸ்டிக்கை அடிக்கடி முகர்ந்து பாருங்க.

டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கற பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடற தொடுமுனை) பளபளன்னு தெரிஞ்சாலும் மேல ஆக்ஸைடு படிஞ்சிருக்கும், ஸ்பார்க் வராது. மெல்லிய அரத்தால தேய்ச்சு, கெட்டித் தாளை நடுவுல விட்டு இழுத்து, 0.4 மி.மீ. இடைவெளி வையுங்க. பிளக் 0.9 மி.மீ. சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போற வரிசை 1-5-3-6-2-4.

டைனமோ:
12-க்கு மாற்றச் சொல்பவர்கள் பெரும்பாலும் பார்த்தது 6 வோல்ட்டின் குறையை அல்ல, மெல்லிய கேபிளின் குறையை. அதே வாட்டுக்கு 6 வோல்ட்டில் கரண்ட் இரட்டிப்பு, ஆகவே வயரில் இழக்கும் வோல்ட்டும் இரட்டிப்பு. அந்த இழப்பும் 12-லிருந்து அல்ல, 6-லிருந்து போகிறது. விகிதத்தில் நான்கு மடங்கு நஷ்டம். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கேபிளை மாட்டினால் முக்கி முக்கித்தான் சுற்றும்.

குறைந்தது 50 சதுர மி.மீ. கேபிள், முடிந்தால் 70. எர்த் கேபிளின் முனை படியும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெற்று இரும்பு தெரிய வேண்டும். என்ஜினிலிருந்து சேஸிக்குத் தனியாக ஒரு பட்டை எர்த். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃப் முனைக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். 0.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ, கால் ஸ்டார்ட்டரின் செப்புத் தொடுமுனையிலோ கோளாறு.

பேட்டரியை மாட்டியதும், என்ஜினை ஓட்டுவதற்கு முன், டைனமோவுக்குத் துருவம் பதிக்க வேண்டும், அதாவது அதன் பாசிட்டிவ்-நெகட்டிவ் திசை பேட்டரியோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். ரெகுலேட்டரில் 'பேட்' (BAT), 'ஜென்' (GEN) முனைகளை வயர் துண்டால் ஒரு கணம் இணைத்து எடுத்தால் போதும். இது இந்த வண்டியின் டெல்கோ-ரெமி டைனமோவுக்கான முறை. அந்தக்கால ஃபோர்டில் இதைச் செய்யாதீர்கள், அதன் ஃபீல்டு சுற்று வேறு.

மரத்தொட்டி:
ரெண்டு பேருக்கும் நன்றி. ராத்திரி ஓட்டவும், ரேடியேட்டருக்கு மின்விசிறி வைக்கவும் நினைப்பு இருக்கு. அப்பவும் 6 தானா?

டைனமோ:
மின்விசிறி வேண்டுமென்றால் 12-க்கே போங்கள், அது நியாயமான காரணம். பல்புகள், காயில், ஹீட்டர் மோட்டார் மாற வேண்டும். பெட்ரோல் மீட்டருக்கு மட்டும் வோல்ட் குறைப்பான் தேவை. ஆயில், வெப்ப மீட்டர்களுக்கு மின்சாரமே கிடையாது. செல்ஃப் மோட்டார் அப்படியே இருக்கலாம். நீண்ட நேரம் மிதித்துப் பிடிக்காதீர்கள்.

டிரம்காரர்:
பிரேக் பற்றி யாரும் பேசவில்லை. மாஸ்டர் சிலிண்டர் மட்டும் போதாது. இது ஒற்றைச் சுற்று. நான்கு சக்கரத்தில் எங்கே ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். நான்கு வீல் சிலிண்டர், எல்லா ரப்பர் ஹோஸ், துருப்பிடித்த குழாய்கள், மொத்தமாக மாற்றுங்கள். குழாய் முனையில் இரட்டை மடிப்பு (டபுள் ஃப்ளேர்) கட்டாயம். வெறும் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் கடினமாகி விரிசல் விடும். செம்பு-நிக்கல் குழாய் வளைக்கவும் சுலபம், துருவும் ஏறாது.

பெடலில் சிறிது வெற்று அசைவு விட மறக்காதீர்கள், 6 முதல் 12 மி.மீ. அது இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் சிறிய துளை மூடியே கிடக்கும். சூட்டில் விரியும் பிரேக் ஆயில் திரும்ப வழியில்லாமல் ஷூவைத் தள்ளும், டிரம் இன்னும் சூடாகும், கடைசியில் நான்கு சக்கரமும் பிடித்துக்கொள்ளும். டிரம்மில் குறை தேடி நாள் கணக்கில் வீணடிப்பவர்கள் உண்டு, காரணம் பெடல் கம்பியில் இருக்கும்.

இரட்டைச் சுற்று மாஸ்டருக்கு மாறுவதை மனதார ஆதரிக்கிறேன். டிரம் பக்கம் 10 பி.எஸ்.ஐ. மீதியழுத்த வால்வு, பெடலை விட்ட பிறகும் குழாயில் சிறிது அழுத்தம் நிற்க வைப்பது. முன்னால் டிஸ்க் வைத்தால் அந்தப் பக்கம் 2. அங்கே 10 மாட்டினால் பேட் உரசிக்கொண்டே ஓடும்.

டயரையும் பாருங்கள். தேதிக் குறியில் மூன்றே எண்கள் இருந்தால் 2000-க்கு முந்தையது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் அதில் சாலைக்குப் போகாதீர்கள். கைப்பிரேக் தனியாக வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதா என்று சமதளத்தில் சோதித்த பிறகே முதல் ஓட்டம்.