குளோன் எடுத்து எஸ்எஸ்டி போடுவதற்குத் தமிழில் என்ன பெயர்?

மண்டபம், கணினிக் கடையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நாம் சேர்ந்து தமிழில் எழுதும் கணினிக் கையேட்டின் வரைவில் 'பழைய லேப்டாப்புக்குப் புது எஸ்எஸ்டி' பகுதியைப் படித்தேன். வன்வட்டுக்கு (ஹார்ட் டிஸ்க்) பதிலாகப் போடும் சில்லுச் சேமிப்பகம்தான் எஸ்எஸ்டி; பழையதில் இருப்பதையெல்லாம் அப்படியே அதில் உண்டாக்குவது குளோன். தலைப்பில் 'இயங்குதளக் குடிபெயர்ப்பு' என்று இருக்கிறது. சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம் என்கிறேன்.

குடிபெயர்ந்தால் பழைய வீடு காலியாகிவிடும். இங்கே எதுவும் காலியாவதில்லை. வன்வட்டில் இருந்த விண்டோஸோ லினக்ஸோ எஸ்எஸ்டியில் இன்னொன்றாக வந்து உட்காருகிறது. பழையது வைத்தது வைத்தபடி கிடக்கிறது. குடும்பப் புகைப்படம், வங்கிக் கணக்கு, உலாவியில் சேமித்த கடவுச்சொல் எல்லாமே அதில்தான் இன்னும் இருக்கின்றன. 'பெயர்ந்துவிட்டது' என்று படித்தவர் அதை அழிக்காமலே காயலான் கடையில் எடைக்குப் போடுவார். நாம் வைக்கும் பெயர் அந்த ஆபத்தை மறைக்கக் கூடாது. எனக்கு இருக்கும் ஒரே நிபந்தனை இதுதான்.

சரி, 'நகல்' என்று சொல்லலாமா? காப்பி, பேஸ்ட்டுக்கு நகல், ஒட்டு என்று ஏற்கெனவே பழகிவிட்டோம். பழைய வட்டில் கண்ணுக்குத் தெரியும் கோப்புகளையெல்லாம் பிடித்து இழுத்துப் புதியதில் போட்டால் அதுவும் நகல்தான். ஆனால் அந்த எஸ்எஸ்டியிலிருந்து கணினி எழுந்திருக்காது. வட்டில் எந்தப் பிரிவு (பார்ட்டிஷன்) எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை வேண்டும், தொடக்கக் கோப்புகள் இருக்கும் சிறிய ஈஎஃப்ஐ பிரிவு வேண்டும், ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ள யூயூஐடி அடையாள எண் வேண்டும். குளோன் இவற்றையும் சேர்த்து எடுக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், 'நகல் எடுத்துட்டேன், ஆனா ஓப்பன் ஆகலை' என்று வந்து நிற்கிறவருக்கு என்ன பதில் சொல்வது? தவிர நகல், நகர்வு, நகர்த்து எல்லாம் ஒரே இடத்தில் வந்தால் வாசிக்கிறவர் கண் வழுக்கிவிடும்.

போன மடலில் ஒருவர் 'தளமாற்றம்' என்றார். சுருக்கமான சொல். ஆனால் அதற்கு வேறு வேலை காத்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். அதுதானே உண்மையான தளமாற்றம்? நாம் பேசும் வேலையில் தளம் மாறுவதே இல்லை. முகப்புப் படம் முதல் குப்பைத்தொட்டியில் கிடக்கும் கோப்பு வரை எல்லாம் அதேதான். மாறுவது வட்டு.

இதை இந்தக் கரையில் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். படகுக்கு வேறு இன்ஜின் போட்டால் 'இன்ஜின் மாத்தியாச்சு' என்பார்கள். 'படகை வேறு இன்ஜினுக்குக் குடிபெயர்த்தோம்' என்று பாம்பனில் போய்ச் சொல்லிப் பாருங்கள்! எது மாறுகிறதோ அதன் பெயரைத்தான் வேலைக்கு வைக்கிறோம். அதனால் முழு வேலைக்கும் 'வட்டுமாற்றம்' என்கிறேன். அதற்குள் நடக்கும் குளோனுக்கு 'முழுப்படி' (படி என்றால் பிரதி). முழுப்படி எடுத்து வட்டுமாற்றம் செய்யலாம், புதிதாக நிறுவியும் வட்டுமாற்றம் செய்யலாம். கையேட்டில் இரண்டு வழியும் இருப்பதால் இரண்டு சொல் வேண்டும்.

தொண்டியிலிருந்து:

அண்ணே, எஸ்எஸ்டியில் வட்டு எங்கே இருக்கிறது? வன்வட்டில் சுழலும் தட்டு உண்டு, லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. எஸ்எஸ்டி வெறும் சில்லுகள். எம்.2 வகையைப் பாருங்கள், 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், சூயிங்கம் பட்டை மாதிரி. அதைப் போய் வட்டு என்பதா? 'சில்லகம்' என்று வைத்து, 'சில்லகமாற்றம்' என்போம்.

இன்னொன்று. குளோன்சில்லா மாதிரியான மென்பொருள் பயன்பாட்டில் இருக்கும் பகுதிகளை மட்டும் எடுத்து, காலி இடத்தை விட்டுவிடும். லினக்ஸின் டிடி கட்டளைதான் காலி இடத்தையும் சேர்த்துக் கடைசி பிட் வரை எடுக்கும். அப்படியிருக்க முன்னதை 'முழு' என்பது சரியா?

கீழக்கரை, பள்ளி ஆசிரியை:

சில்லகம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் சில்லு என்றால் சக்கரம். சுழலாததற்குப் பெயர் தேடப்போய்ச் சுழல்வதன் பெயரையே வைத்தது போல் ஆகும். கையேட்டை அக்கரையிலும் படிப்பார்கள் அல்லவா?

பாடநூல் வழக்கில் டிரைவுக்கு 'இயக்ககம்' என்று இருப்பதையும் யோசித்தேன். 'இயங்குதளத்தை இயக்ககத்திலிருந்து இயக்ககத்துக்கு' என்று வகுப்பில் ஒருமுறை சொன்னால் போதும், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பள்ளிக் கல்வி இயக்ககத்திலிருந்து சுற்றறிக்கை வாங்கும் எங்களுக்கு அந்தச் சொல் வேறு எதையோ நினைவூட்டுகிறது.

ஆகவே வட்டுமாற்றம் எனக்குச் சம்மதம். விண்டோஸிலும் எஸ்எஸ்டியை 'டிஸ்க்' பட்டியலில்தான் காட்டுகிறார்கள். முழுப்படிக்கு மட்டும் ஒரு சின்னத் தயக்கம். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது அரிசி அளக்கிற படி.

மண்டபம், கணினிக் கடையிலிருந்து மறுபடி:

டீச்சர், அரிசிப் படி இருந்துவிட்டுப் போகட்டும். ஒரே ஒரு பிரிவை மட்டும் எடுத்தால் 'அரைப்படி' என்று நாங்கள் கடையில் சொல்லிக்கொள்ளலாம். கையேட்டில் போட வேண்டாம்.

தம்பி கேட்ட 'முழு' நியாயமான கேள்வி. பயனர் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் அப்படிச் சொன்னேன். அவருடைய கோப்பு ஒன்றுகூட விடுபடவில்லை, கணினியும் அதே மாதிரி எழுகிறது, எனவே முழுப்படி. டிடி எடுப்பதைத் தனியாகக் குறிக்க வேண்டிய இடத்தில் 'பிட்டுக்குப் பிட்டு' என்று எழுதிவிடலாம். அழித்த கோப்பை மீட்கப் பார்ப்பவருக்குத்தான் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும், நம் வாசகர் அவர் இல்லை.

முழுப்படி என்பதில் இன்னொரு வசதி உண்டு. அடையாள எண்ணும் ஒன்றாகவே வந்துவிடுகிறது என்பதை அந்தச் சொல்லை வைத்தே விளக்கலாம். முழுப்படி எடுத்த பிறகு இரண்டு வட்டையும் மாட்டிய நிலையிலேயே லினக்ஸைத் தொடங்கினால், ஒரே யூயூஐடி இரண்டு இடத்தில் இருப்பதால் அது பழையதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடலாம். புது எஸ்எஸ்டியில் வேலை செய்வதாக நினைத்துப் பழையதில் செய்துகொண்டிருப்போம். விண்டோஸாக இருந்தால் இரண்டு வட்டில் ஒன்றை இணைக்காமல் ஒதுக்கி வைத்துவிடும். அதனால் முதல் தடவை பழையதைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள் என்று தடித்த எழுத்தில் போட வேண்டும். நகல் என்று சொல்லியிருந்தால் இந்த எச்சரிக்கை ஏன் என்றே புரியாது.

அடுத்து ஒரு சண்டைக்கு நானே அழைக்கிறேன். எங்கிருந்து, எங்கே என்பதற்கு 'மூல வட்டு', 'இலக்கு வட்டு' என்று வரைவில் இருக்கிறது. மூலம் என்ற சொல்லைக் கேட்டதும் கடைப் பையன்கள் சிரிப்பது ஒருபுறம் இருக்கட்டும். திரையில் இந்த இரண்டையும் மாற்றித் தேர்ந்தெடுத்தால் வெறும் வட்டு நிறைந்த வட்டின் மேல் எழுதப்படும். மிச்சம் எதுவும் இருக்காது. இந்த வேலையில் திரும்பப் பெற முடியாத ஒரே தவறு இது. இலக்கணச் சுத்தம் பார்க்கிற இடம் இல்லை. 'பழைய வட்டு', 'புது வட்டு' என்றே எழுதுவோம். பக்கத்திலேயே 'கொள்ளளவையும் மாடல் எண்ணையும் பார்த்து உறுதி செய்யவும்' என்று சேர்ப்போம். லினக்ஸ் வட்டுகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் மாட்டும் வரிசையைப் பொறுத்து மாறக்கூடியவை. அவற்றை நம்பச் சொல்லக் கூடாது.

புது வட்டு சிறியதாக இருந்தால் என்ன என்பதையும் யாராவது எழுதிக் கொடுங்கள். 1 டிபி வன்வட்டிலிருந்து 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு வருகிறவர்கள்தான் நிறைய. உள்ளே இருப்பது 200 ஜிபியாகவே இருந்தாலும், பிரிவை முதலில் சுருக்காமல் முழுப்படி எடுக்கப் போனால் குளோன்சில்லா மாதிரியான மென்பொருள் பொதுவாக மறுத்துவிடும். விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரம் போய்வரும் ஊர் நம்முடையது என்பதால் பேட்டரி செத்த லேப்டாப்பில் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம் என்பதையும் சேர்க்கலாம். பாதியில் நின்றால் பழைய வட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, புது வட்டில் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும். ஆனால் பிரிவைச் சுருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கதை வேறு.

உப்புக்காற்று பற்றி ஒரு வரி. ராமேஸ்வரம், தங்கச்சிமடம் பக்கம் வரும் லேப்டாப்களில் எம்.2 பட்டையைப் பிடிக்கும் குட்டித் திருகு துருப்பிடித்திருப்பதைப் பார்க்கிறோம். பொருந்தாத திருப்புளியை வைத்து அழுத்தித் திருகினால் தலை தேய்ந்துவிடும். இதற்குக் கலைச்சொல் எதுவும் தேவையில்லை, படம் ஒன்று போட்டால் போதும்.

ஆக வரைவு இப்படி: 'முழுப்படி: ஒரு வட்டில் உள்ள பிரிவுகள், கோப்புகள், அடையாள எண்கள் அனைத்தையும் மற்றொரு வட்டில் அவ்வாறே உண்டாக்குவது. பழைய வட்டில் எதுவும் அழியாது.' 'வட்டுமாற்றம்: கணினியின் பழைய வட்டுக்குப் பதிலாகப் புதியதைப் பொருத்தி அதிலிருந்து இயங்கச் செய்வது.' எஸ்எஸ்டியை எஸ்எஸ்டி என்றே விடுகிறேன்.

தொண்டியிலிருந்து:

முழுப்படி, வட்டுமாற்றம் இரண்டுக்கும் சரி. பிரிவைச் சுருக்கும் பகுதியை நான் எழுதுகிறேன். சில்லகத்தை மட்டும் விடுவதாக இல்லை. அதற்குத் தனி மடல் போடுகிறேன்.