மூன்று பட்டை இருந்தால் தாமிரபரணிக் கெண்டையா? கேட்க ஆளில்லையா?

ஆத்தங்கரையான்:
காலையிலேயே எரிச்சல். வாட்ஸப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. முக்கூடல் பக்கம் ஆற்றில் ஒரு பையன் துண்டை விரித்து அரித்து, இரண்டு விரற்கடைக் குஞ்சுகளைப் பாலித்தீன் பையில் தூக்கிக் காட்டுகிறான். "உலகத்தில் தாமிரபரணியில் மட்டுமே வாழும் அரிய கெண்டை, ஜோடி 600 ரூபாய்" என்கிறான். எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டதற்கு, "உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை இருக்கு பாருங்க" என்று பதில். அட கொடுமையே! நான் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரில் கிடக்கிறவன். அது பிலமென்டோசா என்கிற சாதாரணக் கெண்டையின் குஞ்சு. கேரளா, கர்நாடகா வரைக்கும் கிடக்கிற மீன். குஞ்சில் மூன்று பட்டை இருக்கும், வளர வளர அழிந்து வால் பக்கம் ஒரே ஒரு பொட்டுதான் நிற்கும். மூன்று பட்டை இருக்கிறதே, அதனால்தான் சொல்கிறேன் அது பிலமென்டோசா என்று.

தொட்டிக்காரன்:
அந்தப் பையனிடம் ஆறு குஞ்சு வாங்கியவன் நான். 1800 ரூபாய். நீங்கள் சொல்வது பாதிதான் அண்ணாச்சி. தாமிரபரணிக் கெண்டைக்கும் மூன்று உண்டு. முதுகுத் துடுப்புக்குக் கீழே ஒன்று, அடித்துடுப்புக்கு மேலே ஒன்று, வாலடியில் ஒன்று. வளர்ந்த பிறகும் அழியாது. என் மீனில் மூன்றும் அச்சடித்த மாதிரி இருக்கிறது. இரவல் கதை சொல்லவில்லை, தினமும் முன்னால் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஆத்தங்கரையான்:
அதானே பார்த்தேன். 1800 ரூபாய் கொடுத்தவருக்கு அது பிலமென்டோசாவாகத் தெரியுமா? சுலோசன முதலியார் பாலத்துக்குக் கீழே நின்று ஒரு பிடி பொரி போட்டால் காசில்லாமல் வந்து மொய்க்கும்.

பொருநைமைந்தன்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நம் ஆற்றின் பெயரிலேயே ஒரு மீன் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1954இல் சைலஸ் என்கிற நம் நாட்டு ஆய்வாளர் வைத்த பெயர். அதைப் பெருமையாகச் சொல்லாமல் பட்டையை எண்ணிக்கொண்டு இருக்கிறீர்கள்.

குளத்துமேடு:
ஒரு சின்ன விஷயம். இந்த இரண்டு மீனும் டாக்கின்சியா என்ற ஒரே பேரினம். 2012இல் பெத்தியகொட குழுவினர் அதைத் தனியாகப் பிரித்தபோது சொன்ன பொது அடையாளமே, குஞ்சுப் பருவத்தில் உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை என்பதுதான். ஆகவே இந்த அளவில் பட்டையை எண்ணி எதுவும் முடிவு கட்ட முடியாது. ஆறேழு மாதம் வளர்த்தால் தெரியும். வாயோரத்தில் மீசை இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்க்கலாம்.

தொட்டிக்காரன்:
நன்றி குளத்துமேடு. மூன்று பட்டை முக்கியமான அடையாளம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஆத்தங்கரையான்:
குளத்துமேடு சொன்னதைச் சரியாகப் படிக்கவும். குஞ்சுக்கு மூன்று பட்டை என்கிறார். நான் முதலிலிருந்து சொல்வதும் அதைத்தான். பிலமென்டோசா குஞ்சு.

பொருநைமைந்தன்:
டாக்கின்சியாவாம்! மீன் நம்முடையது, பெயர் மட்டும் இங்கிலாந்தில் புத்தகம் எழுதுகிற டாக்கின்ஸுக்கு. பொருநை என்று வைத்தால் யாருக்கு வாய் வலிக்கும்?

மஞ்சப்பை:
எந்தப் பட்டையாக இருந்தாலும் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் ஒரே ருசிதான். எங்கள் ஆச்சி அணைக்கட்டில் தண்ணீர் வற்றினால் ஒரு கூடை அள்ளி வருவார். அதில் கெண்டை, அயிரை, ஆரால், ஜிலேபி எல்லாம் கலந்து கிடக்கும்.

ஆத்தங்கரையான்:
ஜிலேபியை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது ஆப்பிரிக்காக்காரன். 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது எந்தக் குளத்தில் வலை வீசினாலும் அதுதான். ஜிலேபிக் கெண்டை என்று அதற்கும் கெண்டைப் பட்டம் கொடுத்த ஊர் இது. அப்புறம் குஞ்சு எது, அரிய மீன் எது என்று எப்படித் தெரியும்?

மஞ்சப்பை:
ஆச்சி ஜிலேபியும் கெண்டைதான் என்பார். ஆச்சியிடம் வந்து சண்டை போடுங்கள்.

தொட்டிக்காரன்:
பேச்சை மாற்ற வேண்டாம். மூன்று பட்டை இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. பாலத்துக்குக் கீழே பொரி தின்கிற பெரிய மீனில் இருக்கிறதா? இல்லை. அப்படியென்றால் என்னுடையது வேறு மீன்.

ஆத்தங்கரையான்:
ஐயா, பாலத்துக்குக் கீழே இருப்பது அப்பன். உங்கள் தொட்டியில் இருப்பது பிள்ளை. பிள்ளைக்கு மீசை இல்லை என்பதால் அப்பனுக்கு மகன் இல்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ஆற்று மீனை நேராகத் தொட்டியில் விட்டீர்களா? முன்பு நீங்கள் போட்ட தொட்டிப் படத்தில் தங்க மீன்களும் சேர்ந்து ஓடுகின்றன. ஆற்று மீனில் மீன்பேன் ஒட்டிக்கொண்டு வரும். வட்டமாக, கண்ணாடி மாதிரி, செதிலோடு செதிலாக அப்பியிருக்கும். ஊன்றிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற மீனோடு விட வேண்டும். மாநகராட்சித் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினால் குளோரினில் செவுள் வெந்துவிடும். கெண்டை கூட்டமாக இருக்கிற சாதி, ஆறு மீனாவது சேர்ந்து இருந்தால்தான் அமைதியாக நீந்தும். வளர்ந்தால் நாலைந்து அங்குலம் வரும். அதற்கு உங்கள் இரண்டடித் தொட்டி போதாது, நாலடி வேண்டும். மெல்லிய செடி வைத்தால் நுனியெல்லாம் கறித்துவிடும். மூடி கட்டாயம், கெண்டை குதிக்கும். இதெல்லாம் அந்தக் காணொளியில் உண்டா? "ஜோடி 600" மட்டும் உண்டு.

தொட்டிக்காரன்:
தொட்டி எவ்வளவு என்பது என் பிரச்சினை. நாலடித் தொட்டிக்கு என்று போன வருடம் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பில்டர் ஒன்று விற்றீர்களே, "புத்தம் புதுசு மாதிரி" என்று. மாவு மில் மாதிரி சத்தம் போட்டு மூன்றாம் நாள் நின்றுபோனது. நீங்கள் மீன் வளர்ப்பைப் பற்றி எனக்குச் சொல்லித்தருகிறீர்கள்.

ஆத்தங்கரையான்:
அந்த பில்டர் என்னிடம் இருந்தவரை ஓடியது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் எந்த மோட்டாரும் நிற்கும். அதை இங்கே இழுப்பது ஏன்? மூன்று பட்டைக்குப் பதில் இல்லை, அதனால்.

சேர்மாதேவி:
ஆற்று மீனைப் பிடித்து விற்பதே தப்பில்லையா? மிஸ் கேரளா மீனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். அப்படித்தான் அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்தார்கள். நம் பக்கமும் அதே கதை நடக்க வேண்டுமா?

தொட்டிக்காரன்:
மிஸ் கேரளா வேறு, இது வேறு. முக்கூடல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயா இருக்கிறது? களக்காடு முண்டந்துறைக்குள் புகுந்து பிடித்தால் கேளுங்கள்.

சேர்மாதேவி:
இரண்டில் ஒன்று சொல்லுங்கள். அரிய மீன் என்றால் பிடித்தது தப்பு. சாதாரண மீன் என்றால் 1800 ரூபாய் கொடுத்தது தப்பு.

ஆத்தங்கரையான்:
சேர்மாதேவி, இத்தனை பேர் எழுதியதில் உருப்படியான வரி இதுதான். ஆனாலும் அது சாதாரண மீன்தான். மூன்று பட்டை.

பொருநைமைந்தன்:
பிடிக்கவில்லை என்றால் ஆற்றிலேயே திரும்ப விட்டுவிடலாமே. அணைக்கட்டு ஏழில் ஏதாவது ஒன்றில்.

ஆத்தங்கரையான்:
எட்டு! தாமிரபரணியில் அணைக்கட்டு எட்டு. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். பொருநை என்று பெயர் வைத்துக்கொண்டால் போதாது, எண்ணவும் தெரிய வேண்டும். அப்புறம், கடை மீனோடு கிடந்த மீனை ஆற்றில் விடவே கூடாது. தொட்டியில் பிடித்த நோய் ஆறு முழுக்கப் பரவும். டேங்க் கிளீனர் மீனை இப்படித்தான் "பாவம்" என்று குளத்தில் விட்டார்கள். இப்போது வலையில் கெண்டை விழுகிற இடத்தில் முள்ளும் ஓடுமாக அதுதான் விழுகிறது.

பொருநைமைந்தன்:
எட்டில் ஒன்று சோழர் காலமா பாண்டியர் காலமா என்று கேட்டால் உங்களுக்குத் தெரியுமா? பெரிய எண்ணிக்கைக்காரர்.

ஆத்தங்கரையான்:
ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரன் கட்டியது. போதுமா? பட்டைக்கு வருகிறேன். தொட்டிக்காரரே, பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் ஒரு படம் போடுங்கள். நடுப்பட்டை மங்கத் தொடங்கியிருக்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குளத்துமேடு:
அந்த மீசை விஷயம்...

தொட்டிக்காரன்:
படம் போடுகிறேன். வேலை முடிந்து வர ராத்திரியாகிவிடுகிறது.

*(ஐந்து மாதத்துக்குப் பிறகு)*

மஞ்சப்பை:
சும்மா கேட்கிறேன். அந்த மீன் என்ன ஆனது? ஆச்சி விசாரித்தார்.

தொட்டிக்காரன்:
நான்கு போய்விட்டது. ஒரு ராத்திரி மின்சாரம் போன நேரத்தில் குதித்து, காலையில் சோபாவுக்குக் கீழே கருவாடாகக் கிடந்தது. மிச்சம் இரண்டு. ஒன்றில் நடுப்பட்டை கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது. இன்னொன்றில் மூன்றும் அப்படியே இருக்கிறது.

ஆத்தங்கரையான்:
வெளுத்துவிட்டதா? நான் என்ன சொன்னேன்? மேலே போய்ப் படித்துப் பாருங்கள், ஒரு எழுத்து மாற்றவில்லை. மூடி போடச் சொன்னதும் அங்கேயே இருக்கிறது.

தொட்டிக்காரன்:
இன்னொன்றில் அப்படியே இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறேன். அதைப் படிக்கவில்லையா? வெளுத்ததற்குக் காரணம் தண்ணீர். தண்ணீர் கெட்டதற்குக் காரணம் பில்டர். பில்டர் யார் விற்றது?

ஆத்தங்கரையான்:
பில்டர் பட்டையைத் தின்றுவிட்டதோ! மெதுவாக வளருகிற மீனில் மெதுவாக அழியும். இன்னும் ஆறு மாதம் பாருங்கள்.

குளத்துமேடு:
இரண்டும் ஒரே இனமாக இல்லாமலும் இருக்கலாம். துண்டில் அரித்தால் இரண்டும் கலந்துதான் வரும்.

பொருநைமைந்தன்:
ஏழா எட்டா என்று பொதுப்பணித் துறையில் வேலை பார்க்கும் மச்சானிடம் கேட்டேன். எட்டுதான். ஆனால் நான் சொன்னது பெரிய அணைக்கட்டுகளை மட்டும்.

தொட்டிக்காரன்:
அண்ணாச்சி, அந்த பில்டருக்கு 900 ரூபாய் கொடுத்தேன். பாதியையாவது திருப்பிக் கொடுங்கள், பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.

ஆத்தங்கரையான்:
முதலில் படம்.