மகாவலியும் ஓடும், மூக்கும் ஓடும்

குழு: உவர்மலைச் சொந்தங்கள்
ஞாயிறு மாலை

அபி: பெரியப்பா, டியூசன் பேப்பரில் ஒரு கேள்வி. ஐந்து வசனம், ஐந்திலும் இடைவெளி. ஒரே சொல்லைப் பொருத்தமான வடிவத்தில் போட வேண்டுமாம். ஒன்றில் மகாவலி ஆறு, ஒன்றில் கடை, ஒன்றில் பஸ், ஒன்றில் மூக்கு, கடைசியில் சீனி முடிந்த கதை.

சின்ன மாமா: ‘கோ’ என்று போடு. எல்லாம் போகிறதுதானே.

அபி: மூக்கு எங்கே மாமா போகும்?

பெரியப்பா: ‘ரன்’. யோசிக்கவே தேவையில்லை.

அபி: ரன் என்றால் ஓடுவது. கடை எப்படி ஓடும்?

பெரியப்பா: மகள், ஒக்ஸ்போர்ட் பெரிய அகராதிக்காரர்கள் அந்த ஒரு வினைச்சொல்லுக்கு 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் ஒன்பது மாதம் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினார். 1989 பதிப்பில் ‘செட்’தான் முதலிடம், 430 பொருள். பிறகு அதை ‘ரன்’ முந்திவிட்டது.

சித்தி: 645ஐயும் பாடமாக்கச் சொல்லிவிடாதீர்கள் அத்தான். பிள்ளை இரவுக்குச் சாப்பிடவும் வேண்டும்.

பெரியப்பா: பாடமாக்கினால் விளங்காது. முதலில் கால்களை மறந்துவிடு அபி. தொடங்கிய ஒன்று தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தால் இங்கிலிஷ்காரனுக்கு அது ‘ரன்’. கொட்டியாரக் குடா வரை மகாவலி ஓடுகிறது. அட்டவணைப்படி பஸ் ஓடுகிறது. மெஷின் வந்ததும் அதுவும் ஓடியது, கம்ப்யூட்டர் வந்ததும் அதற்குள் புரோகிராமும் ஓடுகிறது. புதிதாக ஒன்று வர வர, பழைய சொல்லையே அதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

சின்ன மாமா: அப்படியென்றால் என் படகு இஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவதும் ரன்தானே?

பெரியப்பா: ஓம். ‘ரன்ஸ் ஒன் கெரசின்.’

சின்ன மாமா: முந்தநாள் கோணேசர் மலைக்கு நேரே வரும்போது மண்ணெண்ணெய் முடிந்து இஞ்சின் நின்றுவிட்டது. அது என்ன?

பெரியப்பா: அதுவும் ரன்தான். ‘வீ ரான் அவுட் ஒஃப் கெரசின்.’ அபி, உன்னுடைய சீனி வசனமும் இந்த வகைதான்.

சின்ன மாமா: ஓடினாலும் ரன், ஓடாமல் நின்றாலும் ரன். நல்ல மொழி 😄

தம்பி: ரன் அவுட் என்றால் விக்கெட் போவது இல்லையா பெரியப்பா?

பெரியப்பா: அதுவும்தான். அங்கே ‘அவுட்’ ஆட்டமிழப்பு, இங்கே ‘அவுட்’ கையிருப்புத் தீர்ந்தது. எழுத்து ஒன்று, கதை வேறு.

தம்பி: 2006இல் தென்னாபிரிக்காவுக்கு எதிராகச் சங்கக்காரவும் மஹேலவும் சேர்ந்து 624 ஓட்டம் எடுத்தார்களே, அவ்வளவும் ஓடியா எடுத்தார்கள்? பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஒருவரும் ஓடத் தேவையில்லை. ஆனால் நான்கு ஓட்டம் என்று எழுதுகிறார்கள்.

சின்ன மாமா: இவன் படிப்பைத் தவிர மற்றதெல்லாம் நல்லாக யோசிப்பான்.

அபி: கடைக்கு இன்னும் பதில் வரவில்லை.

பெரியப்பா: ‘ஷீ ரன்ஸ் எ ஷொப்.’ நாங்கள் கடை நடத்துகிறோம் என்கிறோம். தமிழன் கடையை நடக்க வைக்கிறான், வெள்ளைக்காரன் ஓட வைக்கிறான்.

சித்தி: எங்கள் சந்திக் கடை இரண்டும் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்துவிடும்.

மாமி (ஸ்காபரோ, கனடா): இங்கே இப்போதுதான் விடிந்து மெசேஜ் பார்க்கிறேன். இந்த நாட்டில் தேர்தலிலும் ‘ரன்’தான் அண்ணா.

பெரியப்பா: அது அமெரிக்கப் பக்கத்துப் பேச்சு. பிரித்தானியாவில் ‘ஸ்டாண்ட்’. நாங்களும் தேர்தலில் நிற்கிறார் என்றுதானே சொல்கிறோம்.

சின்ன மாமா: வாக்குக் கேட்கும்வரை நிற்பார்கள். வென்ற பிறகு ரன்.

மாமி (ஸ்காபரோ): இன்னொன்று. எனக்குக் கார் ஓடத் தெரியும் என்று சொன்னேன், என்னோடு வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. கார்தான் ஓடுமாம், ஆள் ஓட்டுவாராம்.

பெரியப்பா: சிரிக்கட்டும். இங்கிலிஷ் எங்கள் பக்கம் நிற்கிறது. ‘ஐ வில் ரன் யூ டு த ஸ்டேஷன்’ என்றால் உன்னை வாகனத்தில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று அர்த்தம். துரத்திக்கொண்டு வருகிறேன் என்பது இல்லை.

சித்தி: அத்தான், அப்ப நாளைக்கு இரவு ரயிலுக்கு என்னை ரன் பண்ணி விடுங்கள்.

பெரியப்பா: நீ விளங்கிக்கொண்டது போதும் 🙏

சித்தி: சாயம் போவதற்கு? என் சிவப்புச் சேலையோடு ஊறப்போட்ட வெள்ளை உடுப்பு எல்லாம் ரோஸ் ஆகிவிட்டது.

பெரியப்பா: ரன். ‘த கலர் ரான்.’ காய்ச்சலுக்கும் ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்பார்கள். தமிழில் காய்ச்சல் காயும், அடிக்கும், ஓடாது. எல்லாப் பயலும் பணத்தைத் திருப்பி எடுக்க ஒரேயடியாக வங்கிக்குப் போனால் அதற்கும் ‘ரன்’.

சின்ன மாமா: 2022இல் நாங்கள் பெற்றோலுக்கு நின்ற மாதிரியா? பெயர் ஓட்டம், ஆள் நிற்பது வரிசையில்.

மாமி (ஸ்காபரோ): ஸ்டொக்கிங்ஸில் நூல் விட்டு நீளமாகக் கிழிவதையும் இங்கே ‘ரன்’ என்கிறார்கள். லண்டனில் தங்கச்சி அதை ‘லாடர்’ என்கிறாள், ஏணியாம்.

சின்ன மாமா: அண்ணி, தமிழில் அதற்குப் பெயர் ஓட்டை. ஓட்டத்துக்குப் பக்கத்துச் சொல்தான்.

அபி: எழுதி முடித்துவிட்டேன். ஐந்தாவது: ‘த ஷொப் ஹாஸ் ரான் அவுட் ஒஃப் சுகர்.’

பெரியப்பா: ‘ஹாஸ்’ வந்தால் ‘ரான்’ வராது. ரன், ரான், ரன். நேற்று நடந்ததைத் தனியே சொன்னால் மட்டும் ‘ரான்’.

அபி: சரி, திருத்துகிறேன். மகாவலிக்கும் பஸ்ஸுக்கும் ‘ரன்ஸ்’. மூக்குக்கு ‘இஸ் ரன்னிங்’.

பெரியப்பா: ‘ரன்னிங்’கில் ‘யூ’வுக்குப் பிறகு எத்தனை ‘என்’ போட்டாய்?

அபி: ஒன்று.

பெரியப்பா: இரண்டு.