புதுப்பிப்பு: கார் இல்லாமல் சிட்மத் நாட்டுப்புற இசை விழாவுக்குப் போய்வந்த கதை

இங்கிலாந்தின் டெவன் கடலோரத்தில் ஆகஸ்டில் நடக்கும் சிட்மத் விழாவுக்கு, காரும் இல்லாமல் ஊரில் அறையும் கிடைக்காமல் போக முடியுமா என்று கேட்டிருந்தேன். முடியும். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "பக்கத்து நகரமான எக்ஸெட்டரில் தங்கி பஸ்ஸில் போய்வாருங்கள்" என்ற யோசனைதான். சிட்மத்துக்கு ரயில் 1967லேயே நின்றுவிட்டது. பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

டிக்கெட் வாங்காமலே பொழுது போகும் என்று ஒருவர் சொன்னதும் உண்மை. கடற்கரைச் சாலையில் மாரிஸ் என்ற ஆங்கிலேய நாட்டுப்புற ஆட்டம்: முழங்காலுக்குக் கீழே சலங்கை, கையில் வெள்ளைக் கைக்குட்டை. எனக்கு நம் ஒயிலாட்டம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் மனசில் நின்றது ஒரு பப். மேடை, மைக் எதுவும் கிடையாது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்; பல்லவி வந்ததும் அறையே சேர்ந்து பாடுகிறது, அதுவும் ஆளுக்கொரு சுரத்தில், ஒன்றோடொன்று இசைந்து. வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினேன். பக்கத்திலிருந்த பெரியவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பல்லவியைக் காதில் சொல்லிக்கொடுத்தார்.

யாரும் எச்சரிக்காத விஷயம் கடற்காக்கைகள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன சிப்ஸ் அப்படியே பறிபோனது. கரை முழுக்கக் கூழாங்கல், செருப்பு உதவாது.

அப்புறம், கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். பாட்டு சூடுபிடிக்கும்போதுதான் நான் எழுந்து ஓட வேண்டியிருந்தது.