தோட்டத்து முதியவர்களிடம் கதை கேட்க, கேள்விகள் தேவை

வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். குணமாகாத நோயோடு வரும் தேயிலைத் தோட்டத்து முதியவர்களின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதி, குடும்பத்திடம் கொடுக்க ஆசை. கனடாவில் மருத்துவர் ஹார்வி சொச்சினோவ் உருவாக்கிய 'டிக்னிட்டி தெரபி' இப்படித்தான்: பேச்சைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, வாசித்துக் காட்டி, திருத்திய பிறகே கையில் கொடுப்பார்கள்.

ஆனால் எடுத்த எடுப்பில் 'எதில் பெருமைப்படுகிறீர்கள்?' என்றால் எங்கள் ஆச்சிமார், "எனக்கென்ன புள்ள பெருமை" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த நாள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம், லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) காமன்கூத்து என்று ஆரம்பித்தால் பேச்சு நிற்காது. இந்த மாதிரிக் கேள்விகள் எழுதித் தருவீர்களா?

அப்புறம், மரணங்களைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்த நாங்களும் உட்கார்ந்து பேச ஒரு கூட்டம் வேண்டும். டியூட்டி மாறும் நேரத்தில் யாராவது நடத்தியிருந்தால், எப்படி என்று சொல்லுங்கள்.