மேட்டுத்தெரு குடும்பங்கள், குன்னூர் (வாட்ஸ்அப் குழு)

பேக்கரி அண்ணன் (காலை 6:52): எல்லாருக்கும் வணக்கம். நைட்டு மறுபடியும் கரடி வந்திருக்கு. தொட்டிய கவுத்துப்போட்டு, தெருவோட சாப்பாட்டுக் குப்பை பூரா மோரிக்குள்ள கிடக்கு. போட்டோ பாருங்க.

கீழ்வீட்டு அக்கா (6:58): ஐயோ, மோரி வாயில தெர்மாகோல் வேற அடைச்சு நிக்குது. பிரியாணி பொட்டலம், கட்டிப்போட்ட டயப்பர் பை, யாரோ பழைய கம்பளியைக் கூட போட்டிருக்காங்க. இதோட ஒரு மழை பெஞ்சா தண்ணி நேரா எங்க வாசலுக்குத்தான் வரும்.

ஜீப் தம்பி (7:05): சூப்பர்வைசருக்கு போன் பண்ணிட்டேன்க்கா. பத்து மணிக்குள்ள ஆள் வரும்.

டீச்சரம்மா (7:21): நல்லது தம்பி. ஆனா இன்னிக்கு அள்ளினா அடுத்த வாரம் மறுபடி நிறைஞ்சிரும். ஞாயித்துக்கிழமை பகுதி சபை இருக்கு, கவுன்சிலர் வர்றார். போன தடவை மாதிரி லைட் எரியல, தண்ணி வரலன்னு சொல்லிட்டு வந்துரக் கூடாது. பருவநிலை மாறிட்டு இருக்கு, அதுக்கு நம்ம நகராட்சி என்ன செய்யப்போகுதுன்னு கேட்டு ஒரு தீர்மானம் போடச் சொல்லணும். மனு நான் எழுதுறேன்.

ஜீப் தம்பி (7:24): டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அதெல்லாம் ஐ.நா., டெல்லி லெவல்ல பேசுற விஷயம். நம்ம ஒரு வார்டு கேட்டு என்ன ஆகும்?

டீச்சரம்மா (7:40): கேக்க வேண்டிய கேள்விதான் தம்பி. டெல்லி பேசட்டும். ஆனா குப்பை லாரி, தெருவிளக்கு, ஓடை, கட்டட அனுமதி, குடிதண்ணி, இதெல்லாம் டெல்லி கையிலயா இருக்கு? நம்ம கமிஷனர் ஆபீஸ்லதான் இருக்கு.

பூமியைச் சூடாக்குற புகையைக் குறைக்க உலக நாடுகள் போட்ட கியோட்டோ ஒப்பந்தத்துல அமெரிக்கா சேராம ஒதுங்கிடுச்சு. 2005 பிப்ரவரி 16 அன்னிக்கு அது அமலுக்கு வந்துச்சு. அதே நாள்ல சியாட்டில் மேயர் கிரெக் நிக்கல்ஸ், நாடு சேரலன்னாலும் நகரங்கள் செய்யலாம்னு மத்த மேயர்களைக் கூப்பிட்டார். 1990-ல இருந்த அளவை விட 7 சதவீதம் குறைவா, 2012-க்குள்ள புகையைக் கொண்டுவரணும்னு இலக்கு. ஆயிரத்துக்கும் மேல மேயர்கள் கையெழுத்துப் போட்டாங்க. நாடு அசையாதப்பவும் ஊர் அசையலாம்னு எனக்குப் புரிஞ்சது அதைப் படிச்சப்பதான்.

அவ்வளவு தூரம் கூட வேண்டாம். பர்லியாறு, கல்லாறு இறங்கி மேட்டுப்பாளையம் போற வழியில ஓடந்துறை ஊராட்சி. 2006-ல பேங்க் கடன் வாங்கி 350 கிலோவாட் காத்தாலை வாங்கினாங்க. ஊர் செலவுக்குப் போக மிச்ச கரண்டை மின்வாரியத்துக்கே வித்தாங்க. ஊராட்சித் தலைவர் சண்முகம் யாரோட உத்தரவுக்கும் காத்திருக்கல.

எருமாடு தங்கச்சி (7:48): டீச்சர், எங்க அம்மா வீட்டுல இருந்து பார்டர் தாண்டினா வயநாடு. அங்க மீனங்காடி பஞ்சாயத்து 2016-லயே கார்பன் சமநிலை ஊராகணும்னு, அதாவது ஊர் விடுற கார்பன் அளவுக்கு மரம், மண்ணு திருப்பி இழுத்துக்கணும்னு ஆரம்பிச்சாங்க. மரம் வெச்சா கூட்டுறவு பேங்க்ல ஒரு மரத்துக்கு வருஷம் 50 ரூபா வட்டியில்லாக் கடன். மரத்தை வெட்டினாத்தான் திருப்பிக் கட்டணும். காபித் தோட்டக்காரங்க ஆர்வமா வெச்சாங்க.

ஜீப் தம்பி (7:50): இது நல்லா இருக்கே! ஓடந்துறை வழியாதான் தினமும் ட்ரிப் போறேன், இவ்வளவு விஷயம் தெரியாது.

மிலிட்டரி தாத்தா (8:10): 2009 நவம்பர் யாரும் மறந்துடாதீங்க. மூணு நாள் மழையில மலை சரிஞ்சு மாவட்டத்துல நாப்பது பேருக்கு மேல போயிட்டாங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 செ.மீ. கொட்டுச்சு. 2024 ஏப்ரல்ல ஊட்டியில 29 டிகிரி. நான் சின்னப்பையனா இருந்தப்ப ஏப்ரல்ல ஸ்வெட்டர் போடாம ஸ்கூலுக்குப் போனதில்ல. ஓடையை மறிச்சு கட்டின கட்டடத்தைப் பத்தி மனுவுல முதல்ல எழுதும்மா. தண்ணிக்கு வழி விடலன்னா அதுவே வழி எடுத்துக்கும்.

காட்டேஜ் அண்ணா (8:22): ஓடை விஷயம் சரிங்கய்யா. ஆனா குப்பைன்னு வந்தா எல்லாரும் காட்டேஜ்காரனைத்தான் கை காட்டுவீங்க. சீசன்ல என் கிச்சன்ல மட்டும் தினம் ரெண்டு டிரம் மிச்சம். பிரிச்சுத் தர நான் ரெடி. லாரி வந்து ரெண்டையும் ஒண்ணாக் கொட்டி ஏத்திட்டுப் போனா நான் ஏன் பிரிக்கணும்?

டீச்சரம்மா (8:31): நியாயமான கேள்வி. இதையே மனுவுல எழுதப் போறேன். பிரிச்சுக் கொடுக்கறதைத் தனித்தனியா ஏத்தணும், வண்டி வர்ற நேரம் முன்னாடியே தெரியணும். சாப்பாட்டுக் கழிவு குவியலா அழுகினா மீத்தேன்னு ஒரு வாயு வரும். நூறு வருஷக் கணக்குல அது கார்பன் டை ஆக்ஸைடை விட ஏறக்குறைய 28 மடங்கு சூட்டைப் பிடிக்குது. அதையே காத்து படற மாதிரி உரமாக்கினா மீத்தேன் ரொம்பக் குறையும், கரடி, காட்டெருமை தெருவுக்கு வர்றதும் குறையும். உரம் தோட்டத்துக்குப் போகும்.

எலக்ட்ரீசியன் அண்ணன் (8:45): என் பங்குக்கு ஒண்ணு சொல்றேன். நகராட்சி கரண்ட் பில்லுல பெருசு தண்ணி பம்ப் பண்றதும் தெருவிளக்கும்தான். பழைய 250 வாட் சோடியம் லைட் இன்னும் எங்கெங்க இருக்குன்னு கணக்கெடுக்கச் சொல்லுங்க. எல்இடி போட்டா பாதிக்கும் கீழ இறங்கும். நம்ம தெருவுலயே ரெண்டு கம்பத்துல விடிஞ்சு ஒம்பது மணி வரைக்கும் எரியுது, அதுக்கு டைமர் போட்டா போதும்.

கீழ்வீட்டு அக்கா (8:47): மிஸ்ட் இருக்குன்னு எரியுதுன்னு நினைச்சேன்!

டீச்சரம்மா (9:30): மனு எழுதிட்டேன், படிச்சுப் பாத்து திருத்தம் சொல்லுங்க.

"குன்னூர் நகராட்சி ஆணையர் அவர்களுக்கு, மேட்டுத்தெரு குடியிருப்போர் பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம். நகராட்சி ஓராண்டில் செலவிடும் மின்சாரம், வாகன டீசல், சேரும் குப்பையின் எடை ஆகியவற்றைக் கணக்கிட்டு மக்கள் பார்வைக்கு வைக்கக் கோருகிறோம். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் குறைப்பதற்கு நகர்மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறோம். முதற்கட்டமாக எங்கள் தெருவில் ஈரக் கழிவைத் தனியே பெற்று உரமாக்கவும், ஓடை ஆக்கிரமிப்பை அளந்து அகற்றவும், ஓடைக்கரையில் நாவல் போன்ற சோலை மரங்கள் நடவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் வீடுகளில் கழிவைப் பிரித்துத் தர உறுதியளிக்கிறோம்."

மிலிட்டரி தாத்தா (9:41): கடைசி வரி ரொம்ப முக்கியம். நாம செய்யாம அவங்களைக் கேக்கக் கூடாது.

காட்டேஜ் அண்ணா (9:44): எங்க லைன்ல ஆறு காட்டேஜ் இருக்கு. நாலு பேர்கிட்ட நானே கையெழுத்து வாங்கிர்றேன். மத்த ரெண்டு பேர் கோயம்புத்தூர்ல இருக்காங்க, போன்ல பேசறேன்.

ஜீப் தம்பி (9:46): ஞாயித்துக்கிழமை ட்ரிப் எடுக்கல டீச்சர். நடக்க முடியாத பெரியவங்களைக் கூட்டத்துக்கு நான் கூட்டிட்டு வர்றேன். தாத்தா, 9:30-க்கு வாசல்ல நில்லுங்க.

பேக்கரி அண்ணன் (9:52): மனு பிரிண்ட் எடுத்து கல்லாப்பெட்டி பக்கத்துல பேனாவோட வெச்சிருக்கேன். பால் வாங்க வர்றப்ப எல்லாரும் கையெழுத்துப் போட்டுருங்க. வீட்டு நம்பர் மறக்காம எழுதுங்க.

எருமாடு தங்கச்சி (9:55): அண்ணா, 12-ம் நம்பர்ல புதுசா குடிவந்தவங்களையும் இந்த குரூப்ல சேர்த்துருங்க. அவங்க தொட்டியும் அங்கதான் இருக்கு.

பேக்கரி அண்ணன் (9:56): சேர்த்தாச்சும்மா.