ஜாம்பி வந்தால் காசிமேட்டிலிருந்து எந்தப் பக்கம் போவது?

மாடிவீட்டுத் தம்பி:
காசிமேட்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். அம்மா, நான், அக்கா மகள். ஜாம்பிகள் தெருவுக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் தினமும் கேட்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஓட முடியாது. அதை மனதில் வைத்து வழி சொல்லுங்கள்.

வலைக்காரன்:
கடலுக்குப் போங்கள் தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டித்தான் கிடக்கும். அப்போது ஃபைபர் படகுதான். குடிதண்ணீர் கேன் மறக்காதீர்கள், கடலில் முதலில் தீர்வது அதுதான்.

கட்டையை எடுத்து அடிக்கக் கிளம்ப வேண்டாம். படிக்கட்டில் பழைய நைலான் வலையை இரண்டு மடிப்பாக, தளர்வாகப் போடுங்கள். இருபது வருடமாக வலை பிரிக்கிறேன். செருப்புக் கொக்கி மாட்டினாலே எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். காலை இழுத்து நடப்பவன் எங்கே எழுந்திருப்பது?

வியாசர்பாடி அக்கா:
சுரங்கப்பாதைப் பக்கம் மட்டும் போகாதே கண்ணு, இரண்டு பக்கமும் அடைத்தால் வழியில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டைமாடியில்தான் பிழைத்தோம். பொரி, வேர்க்கடலை, டார்ச், அம்மாவின் மாத்திரை, எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கடித்துவிட்டால் நாய்க்கடிக்குச் செய்வதுபோல ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவு, அப்புறம் நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரி.

மாடிவீட்டுத் தம்பி:
நன்றி அக்கா, அண்ணா. வலை கேட்டு வைத்துவிட்டேன். ஆயாவை மீன்பாடி வண்டியில் உட்காரவைத்துப் படகு வரை மிதிக்கலாம் என்கிறாள் அக்கா மகள். சரி, நாளைக்கே வண்டிக்குக் காற்று அடிக்க வேண்டும்.